24 மெட்டு

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஒட்டடை அடிச்சு, தூசு தட்டி உட்கார்றதுக்குள்ளயே பாதி ராத்திரி ஆயிடுச்சு.

விஷயம் இதுதான். எங்க வீட்டுல ஒரு மின்கிதார் வாங்கினோம். 'இதுக்கெல்லாமா ஒரு பதிவு?'ன்னு நீங்க கேக்கறது புரியுது. ஆனா அதை வாங்கறதுக்குள்ள நான் பட்ட பாடும், கடைசியில ஒரு கடையில நின்னு அசடு வழிஞ்சதும் இருக்கே, அதை எழுதலேன்னா எனக்குத் தூக்கம் வராது.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. காலேஜ் படிக்கும்போது எங்கிட்ட ஒரு மின்கிதார் இருந்தது. செகண்ட் ஹேண்ட், கறுப்பு நிறம், ரெண்டாவது குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வரும். 'இளைய நிலா' முன்னிசையில ஆரம்பிக்காத கிதார்காரன் நம்ம ஊர்ல உண்டா? நானும் அங்கேதான் ஆரம்பிச்சேன். அப்புறம் நண்பன் ஒருத்தன் ஸ்டீவ் வாய் கேசட் கொடுத்தான். அதோட நிலா மேகத்துக்குள்ள போயிடுச்சு. வேகம், வேகம், வேகம் மட்டும்தான்! ஹாஸ்டல் மொட்டை மாடியில மெட்ரோனோமை வச்சுக்கிட்டு விரல் காய்ச்சுப் போற வரைக்கும் வாசிச்சிருக்கேன். 2003ல் பெங்களூர்ல முதல் வேலை கிடைச்சுது. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டப் பணம் போதலை. கிதாரை வித்துட்டேன். 'ஒரே வருஷம், இதைவிட நல்லதா வாங்கிடறேன்'னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியலை :-)

இப்போ பொண்ணுக்கு 16 வயசு. பாட்டிகிட்ட பாட்டு கத்துக்கிட்டா, வர்ணம் வரைக்கும் வந்தா. பத்து வயசுல ஒரு விலை குறைஞ்ச கிதார் வாங்கிக் கொடுத்தேன். இன்னிக்கு அவ நிமிஷத்துக்கு 160 தட்டு வேகத்துல, தட்டுக்கு நாலு ஸ்வரம் வாசிக்கறா. கணக்குப் போட்டுப் பாருங்க, நொடிக்குப் பத்துக்கு மேல! அதே கையால தோடியை இழைச்சு இழைச்சு வாசிக்கவும் பார்க்கறா. அந்தப் பழைய கிதாரால ரெண்டுமே முடியலை. பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல போனா கம்பி 'ட்ஸ்ஸ்'னு உரசும். நல்லா இழுத்தா சத்தமே செத்துப் போயிடும். மொத்தம் 22 ஃப்ரெட்தான் வேற.

"அப்பா, இதுல இதுக்கு மேல முடியலைப்பா"ன்னு ஒரு நாள் சொன்னா.

தங்கமணி உடனே, "அடுத்த வருஷம் ட்வெல்த். இப்போ கிதாரா? நல்லா இருக்குங்க நீங்க பிள்ளை வளர்க்கற லட்சணம்"னாங்க. பட்ஜெட் பேச்சுவார்த்தை ரெண்டு வாரம் நடந்து, கடைசியில ஐம்பதாயிரம் ரூபாய்ங்கற எல்லையில கையெழுத்தானது.

சரி, மேட்டருக்கு வருவோம். வேகமாவும் நுணுக்கமாவும் வாசிக்க, அதே சமயம் எல்லா வகை இசைக்கும் வளைஞ்சு கொடுக்கற மாதிரி ஒரு கிதார் வேணும்னா எதையெல்லாம் பார்க்கணும்? இருபது வருஷமா வாங்காமலே படிச்சுப் படிச்சு சேர்த்து வச்ச ஞானம் இருக்கே, அதை உங்க தலையில கொட்டப் போறேன். வேண்டாதவங்க அஞ்சாறு பத்தி தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் 1954ல் வந்தது. ஆரம்பத்துல 21 ஃப்ரெட்தான். கழுத்துப் பலகையோட மேல்பரப்பு நல்லா வளைஞ்சிருக்கும், ஏழே கால் அங்குல ஆரம். கார்டு பிடிக்க அது சுகம். ஆனா மேல் ஃப்ரெட்டுகள்ல கம்பியை இழுத்தீங்கன்னா, கம்பி அந்த வளைவோட நடுமேட்டுல போய் முட்டும், சத்தம் செத்துடும். முட்டாம இருக்கக் கம்பியை உயரத் தூக்கினா வேகம் போச்சு. கிப்ஸன் லெஸ் பாலுக்கு சத்தம் கனமானது, மரமும் கனமானது. மேலே போகப் போக உடம்பு கையைத் தடுக்கும்.

1970களின் கடைசியில எட்டி வான் ஹேலன் ஒரு காரியம் பண்ணினார். ஸ்ட்ராட் மாதிரியான உடம்புல லெஸ் பால்ல இருக்கற மாதிரி ஹம்பக்கரைப் பதிச்சார். 1978ல் அவங்க முதல் ஆல்பம் வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது. அதே காலகட்டத்துலதான் ஃபிளாய்ட் ரோஸ்ங்கறவர் தன் பேர்லயே ஒரு பிரிட்ஜைச் செஞ்சார். கம்பியை ரெண்டு முனையிலயும் திருகு போட்டு இறுக்கிப் பூட்டிடறது. எவ்வளவு ஆட்டினாலும் ஸ்ருதி திரும்பி வந்துடும். இதெல்லாம் சேர்ந்துதான் 'சூப்பர் ஸ்ட்ராட்'ங்கற ஜாதி பிறந்தது. 1987ல் ஜப்பானோட ஐபனெஸ் ஸ்டீவ் வாயோட சேர்ந்து ஜெம் கிதாரைக் கொண்டு வந்தாங்க. கூடவே அதோட தம்பி மாதிரி ஆர்ஜி வரிசை. 24 ஃப்ரெட், மெலிஞ்ச கழுத்து, கிட்டத்தட்ட தட்டையான பலகை. இன்னிக்கு வர்ற 'மாடர்ன்' கிதார்கள்ல பாதிக்கு இதுதான் தாத்தா.

இப்போ ஒவ்வொண்ணா பார்ப்போம்.

கழுத்து. ஐபனெஸ்ல 'விஸார்ட் 3'ன்னு ஒரு கழுத்து உண்டு. முதல் ஃப்ரெட்டுகிட்ட 19 மில்லிமீட்டர் கனம், பன்னெண்டுல 21. பலகையோட வளைவு ஆரம் 400 மில்லிமீட்டர், ஏறக்குறைய தட்டை. தட்டையா இருக்கறதால கம்பியைத் தாழ்த்தி வைக்கலாம், இழுத்தாலும் முட்டாது. ஆனா மெலிஞ்ச கழுத்துதான் எல்லாருக்கும் நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. சிலருக்குக் கட்டைவிரல் அடியில வலி எடுத்துடும். கையில பிடிச்சுப் பார்க்காம முடிவு பண்ணவே கூடாது.

ஃப்ரெட். கொஞ்சம் உயரமான 'ஜம்போ' ஃப்ரெட் இருந்தா விரல் மரத்தைத் தொடாம கம்பியை மட்டும் பிடிக்கும், இழுக்கறது சுலபம். இதை இன்னும் ஒரு படி தள்ளி மரத்தையே குடைஞ்சுடறதும் உண்டு. நம்ம விக்கு விநாயகராம் கடம் வாசிச்ச சக்தி குழுவுல ஜான் மெக்லாலின் 1970கள்ல வச்சிருந்த கிதார் அப்படிக் குடைஞ்சதுதான், நம்ம கமகம் பேசறதுக்காக. அடுத்தது ஃப்ரெட்டோட உலோகம். வழக்கமா போடறதுக்கு 'நிக்கல் சில்வர்'னு பேரு. பேர்லதான் வெள்ளி. உள்ளே இருக்கறது செம்பு, துத்தநாகம், நிக்கல். தேயும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஃப்ரெட்னா தேய ரொம்ப நாளாகும், வழவழன்னும் இருக்கும். நம்ம சென்னை வியர்வைக்கு அது பெரிய வரம்.

மரம். சென்னைக் காத்துல இருக்கற ஈரத்துக்கும், ஏசி ரூமோட வறட்சிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு கழுத்து வளையும், நிமிரும். உள்ளே இருக்கற ட்ரஸ் ராடைத் திருகித்தான் சரி பண்ணணும். மேப்பிள் மரத்தைச் சூட்டுல பதப்படுத்தி ஈரத்தை எடுத்த கழுத்துகள் இப்போ வருது. ஐபனெஸ் 2018ல் கொண்டு வந்த ஏஇசட் வரிசையில அந்த மேப்பிளும் ஸ்டீல் ஃப்ரெட்டும் சேர்ந்தே இருக்கு. பார்த்தேன், தொட்டேன், விலைச்சீட்டைப் பார்த்தேன், பவ்யமா மாட்டின இடத்துலயே மாட்டிட்டேன்.

பிக்அப். ஒத்தைக் காயில் பிக்அப் தெளிவா, மணி மாதிரி பேசும். ஆனா நம்ம வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் சேர்த்து 'ம்ம்ம்ம்'னு முனகும். ஹம்பக்கர்ங்கறது ரெண்டு காயிலை எதிரெதிரா சேர்த்து அந்த முனகலை ஒண்ணோட ஒண்ணு அடிச்சுக்க வைக்கறது. டிஸ்டார்ஷன் ஏத்தி வேகமா வாசிக்கும்போது அமைதி ரொம்ப முக்கியம், ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல வேற எதுவும் கேக்கக் கூடாது. ஆனா ஹம்பக்கர் மட்டும் இருந்தா சுத்தமான சத்தம் கொஞ்சம் மொத்தையா வரும். அதுக்குத்தான் காயிலைப் பிரிக்கற வசதி. ஸ்விட்சைத் தள்ளினா ரெண்டுல ஒண்ணு தூங்கிடும், ஏறக்குறைய ஒத்தைக் காயில் சத்தம் கிடைக்கும். 'எல்லாத்துக்கும் வளையணும்'னா இது இருந்தே ஆகணும்.

கடைசியா, என்னைக் கவுத்த விஷயம், பிரிட்ஜ்.

மூணு வகை. ஒண்ணு, அசையாத பிரிட்ஜ். ரெண்டு, ஸ்ட்ராட் பாணியில லேசா ஆட்டற பிரிட்ஜ். மூணு, ஃபிளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கறது. மிதக்கறதுன்னா நிஜமாவே மிதக்கும். முன்னாடி கம்பிகள் இழுக்க, பின்னாடி குழிக்குள்ள ஸ்ப்ரிங் இழுக்க, நடுவுல தராசு மாதிரி நிக்கும். கைப்பிடியை அழுத்தினா ஸ்வரம் பாதாளத்துக்குப் போகும், தூக்கினா வானத்துல கிறீச்சிடும். காலேஜ்ல அந்தக் கேசட்டுல நான் கேட்டு மயங்கினது அந்தச் சத்தத்துலதான். அன்னிக்கு எங்கிட்ட இருந்த கிதார்ல அது கிடையாது. கனவுல மட்டும் இருந்தது.

இப்போ புரிஞ்சிருக்குமே என்ன நடந்திருக்கும்னு?

அண்ணா சாலையில 1842ல் ஆரம்பிச்ச மியூசி மியூசிகல் இருக்கு இல்லையா, சின்ன வயசுல அந்த வழியா பஸ்ல போகும்போதெல்லாம் ஜன்னல்ல எட்டிப் பார்ப்பேன். இந்தத் தடவை நான் போனது வேற ஒரு கடை, ஆபீஸ் முடிஞ்சு தனியா. 'சும்மா பார்த்துட்டு வருவோம்'னுதான் போனேன். சுவத்துல ஒண்ணு மாட்டியிருந்தது. வெள்ளை நிறம், 24 ஃப்ரெட், மிதக்கற பிரிட்ஜ். எடுத்து மடியில வச்சேன். இருபது வருஷம் கழிச்சு என் இடது கை மோதிர விரல் எங்கே போகணும்னு அதுவா ஞாபகம் வச்சிருந்தது. கைப்பிடியை ஒரு தடவை அழுத்தினேன். அவ்வளவுதான். பட்ஜெட்டுக்கு மேல ஒன்பதாயிரம். அஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டு வீட்டுக்கு வந்தேன். யார்கிட்டயும் சொல்லலை. 'சனிக்கிழமை எல்லாரும் போய்ப் பார்க்கலாம், நல்லதா ஒண்ணு இருக்கு'ன்னு மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை மூணு பேரும் போனோம். தங்கமணி வந்தது ஐம்பதாயிரத்துக்குக் காவலா :-)

பொண்ணு கிதாரை வாங்கி முதல்ல ஆம்ப்ல செருகாமலே வாசிச்சா. ஒவ்வொரு கம்பியிலயும் ஒவ்வொரு ஃப்ரெட்டா, ஒண்ணுல இருந்து 24 வரைக்கும். எனக்கே பெருமையா இருந்தது, நான் சொல்லிக் கொடுத்ததுதான். அப்புறம் செருகினா. வேகமா ஒரு ஓட்டம், ரெண்டு கையாலயும் பலகையைத் தட்டித் தட்டி ஒண்ணு. கடைப்பையன் வாயைப் பொளந்தான். நான் மெதுவா மீசையைத் தடவிக்கிட்டேன்.

அப்புறம் டிஸ்டார்ஷனை அணைச்சுட்டு தோடியை எடுத்தா. அவ வழக்கம், ஒரு கம்பியைச் சும்மா மீட்டி ஆதார ஸ்ருதி மாதிரி ஒலிக்க விட்டுட்டு, பக்கத்துக் கம்பியில இழுத்து இழுத்து கமகம் பிடிக்கறது. காந்தாரத்துல ஒரு இழுப்பு.

"என்னது, ஸ்ருதி இறங்குது?"

கேட்டது பொண்ணு இல்லை. பின்னாடி ஸ்டூல்ல உட்கார்ந்து போன்ல ஏதோ பார்த்துக்கிட்டிருந்த தங்கமணி. தலையைக்கூட நிமிர்த்தலை.

இங்கே ஒண்ணு சொல்லணும். தங்கமணி கல்யாணத்துக்கு முன்னாடி ஏழு வருஷம் வீணை கத்துக்கிட்டவங்க. அந்த வீணை எங்க வீட்டுல பழைய போர்வை சுத்தி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல படுத்திருக்கு. அதைப் பத்தி நாங்க யாரும் பேசறதில்லை. பேசக் கூடாதுன்னு இல்லை, பேசலை, அவ்வளவுதான்.

பொண்ணு மறுபடியும் இழுத்தா. இந்தத் தடவை எனக்கும் கேட்டது. கமகம் மேலே ஏறும்போது, கூட ஒலிக்கற சும்மா கம்பி லேசா கீழே வழுக்குது. விட்டா திரும்பி வந்துடுது. மறுபடி இழுத்தா மறுபடி வழுக்குது.

காரணம் எனக்குத் தெரியும். இருபது வருஷமா தெரியும். தராசுன்னு சொன்னேனே. ஒரு கம்பியை இழுத்தா அதோட விறைப்பு கூடும். அந்தக் கூடின பாரத்துல மிதக்கற பிரிட்ஜ் முன்னாடி சாயும். சாய்ஞ்சா மத்த அஞ்சு கம்பியும் தளரும், ஸ்ருதி இறங்கும். ராக்கோ மெட்டலோ வாசிக்கறவங்க பெரும்பாலும் ஒத்தைக் கம்பியில இழுக்கறதால இது தலைபோற விஷயமில்லை, கூட ஒண்ணு ஒலிச்சாலும் விரல்ல சமாளிச்சுப்பாங்க. ஆனா ஒரு கம்பியை ஸ்ருதியா நிறுத்தி, பக்கத்துல கமகம் வாசிக்கற ஆளுக்கு? காலுக்குக் கீழே தரையே நகர்ற மாதிரி.

தெரிஞ்சும் அட்வான்ஸ் கட்டினேன் பாருங்க, அதுதான் விஷயம்.

நான் விடலை. "அதுக்கு வழி இருக்கும்மா. பின்னாடி குழியில ஒரு மரத்துண்டு வச்சு அடைச்சுடலாம். பிரிட்ஜ் அசையாது"ன்னேன்.

"அடைச்சுட்டா அந்தக் கைப்பிடி எதுக்குப்பா?"

"வேணும்கும்போது எடுத்துக்கலாம்..."

பொண்ணு கிதாரை ஒரு தடவை பார்த்தா. என்னை ஒரு தடவை பார்த்தா. கோபமெல்லாம் இல்லை. ரொம்ப மெதுவா, கடைப்பையனுக்குக் கேக்காத மாதிரி சொன்னா.

"அப்பா, இது உன்னோட கிதார்ப்பா."

என்னத்தைச் சொல்ல? ஆம்ப் பட்டனைப் பார்க்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். பக்கத்துல தங்கமணி போனை மூடி வச்சது மட்டும் தெரிஞ்சுது. அவங்க எதுவும் சொல்லலை. 'அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?'ன்னு மட்டும் கேட்டாங்க. எப்படித்தான் கண்டுபிடிப்பாங்களோ!

அப்புறம் அங்கேயே இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தோம். நான் வாயை மூடிக்கிட்டேன், அவளே தேடினா. கடைசியா அவ கையில நின்னது அதே ஆர்ஜி வரிசையில ஒண்ணு. அசையாத பிரிட்ஜ், 24 ஃப்ரெட், ரெண்டு ஹம்பக்கர், அஞ்சு நிலை ஸ்விட்ச், அதுல காயில் பிரிக்கற வசதி. ஸ்டீல் ஃப்ரெட் இல்லை, பதப்படுத்தின மரம் இல்லை. பார்க்கறதுக்கு என் வெள்ளைக்காரி மாதிரி கண்ணைப் பறிக்கவும் இல்லை, பழுப்பு நிறத்துல சாதுவா இருந்தது. சும்மா கம்பியை விட்டுட்டு காந்தாரத்தை இழுத்தா. ஸ்ருதி கல்லு மாதிரி நின்னுது. தங்கமணி ஸ்டூலை விட்டு எழுந்து வந்து, "24ஆ?"ன்னு கேட்டு ஃப்ரெட்டை விரலால எண்ணினாங்க.

"வீணையிலயும் 24 மெட்டுதான்"னாங்க.

எனக்கு அப்போதான் உறைச்சுது. அட ஆமாம்! இத்தனை வருஷம் '24 ஃப்ரெட், ரெண்டு முழு ஸ்தாயி, மாடர்ன் கிதார்'னு பீத்திக்கிட்டு இருந்தேனே. தஞ்சாவூர் வீணையில ஸ்தாயிக்குப் பன்னெண்டுன்னு மெழுகுல பதிச்ச 24 மெட்டு எத்தனை தலைமுறையா இருக்கு! மேலே வாசிக்க நாலு தந்தி, பக்கவாட்டுல ஸ்ருதிக்கும் தாளத்துக்கும் மூணு. கமகத்துக்கு மெட்டு மேலேயே தந்தியைக் குறுக்கே இழுக்கறது. அசையாத குதிரை. நான் இணையம் பூரா தேடின கிதாரோட விடை பீரோவுக்குப் பின்னாடி போர்வைக்குள்ள இருந்திருக்கு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ்கூட இதைத்தானே பண்ணினார். ஜோடி ஜோடியா எட்டு கம்பி இருக்கற மேல்நாட்டு வாத்தியத்தை அப்படியே எடுத்துக்காம, ஒத்தை ஒத்தையா அஞ்சு கம்பி போட்ட மின்மாண்டலின்ல கமகத்தைக் கொண்டு வந்தார். வாத்தியம் என்ன கேக்குதுன்னு பார்க்காம, பாட்டு என்ன கேக்குதுன்னு பார்த்தவர். நான் என் ஹாஸ்டல் மொட்டை மாடி என்ன கேக்குதுன்னு பார்த்தேன்.

கட்டின அட்வான்ஸை இதுலயே கழிச்சுக்கிட்டாங்க. பட்ஜெட்டுல மூவாயிரம் மிச்சம். அந்த வெள்ளையை மறுபடி சுவத்துல மாட்டினாங்க. நான் திரும்பிப் பார்க்கலைன்னு சொன்னா நம்புவீங்களா? பார்த்தேன்.

நீங்களோ உங்க பிள்ளைகளோ கடைக்குப் போறதா இருந்தா, எங்க அனுபவத்துல சில குறிப்பு:

1. செருகறதுக்கு முன்னாடி வெறும் கிதாரை வாசிங்க. எல்லா கம்பியிலயும் எல்லா ஃப்ரெட்டும். உரசல் எங்கேன்னு அப்போதான் தெரியும்.

2. 15வது ஃப்ரெட்டுக்கு மேல ஒரு முழு ஸ்வரம் இழுங்க. சத்தம் செத்தா, செட்டப் பண்ணினா சரியாகுமான்னு கேளுங்க. பதில் மழுப்பலா இருந்தா அடுத்ததைப் பாருங்க.

3. 12வது ஃப்ரெட்ல ஹார்மானிக் ஒலியும், அதே இடத்துல அழுத்தி வர்ற ஒலியும் ஒண்ணா இருக்கான்னு ட்யூனர்ல பாருங்க.

4. 24 வரைக்கும் கை தடையில்லாம போகுதா? உட்கார்ந்து, நின்னு, ரெண்டு விதமாவும்.

5. ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலயும் நிறுத்தி, டிஸ்டார்ஷனோடயும் இல்லாமலும் கேளுங்க. வால்யூமைப் பாதியாக் குறைச்சாலும் சத்தம் உயிரோட இருக்கணும்.

6. ஒரு கம்பியை மீட்டி விட்டு, பக்கத்துக் கம்பியை இழுங்க. (இது எங்க வீட்டு அம்மணியோட காப்புரிமை.)

7. மிதக்கற பிரிட்ஜ் மேல ஆசையா? தப்பே இல்லை. ஆனா ஒரு கம்பி அறுந்தா மொத்த ஸ்ருதியும் போகும், கம்பி மாத்த பொறுமை வேணும், நினைச்சபோது ஒரு கம்பியை மட்டும் இறக்கி வைக்க முடியாது. தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

8. மிச்சம் பிடிக்கற காசுல நல்ல செட்டப் ஒண்ணு பண்ணிடுங்க. எங்க மூவாயிரத்துல கொஞ்சம் அதுக்குத்தான் போச்சு. பன்னெண்டாவது ஃப்ரெட்ல மேல்கம்பியை ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டு வந்து கொடுத்தாங்க. அதுக்கும் கீழே போகலாம், வேகம் இன்னும் கூடும். ஆனா ரொம்பத் தாழ்த்தினா இழுக்கும்போது பக்கத்துக் கம்பி விரல் மேல ஏறிக்கும், கமகம் நழுவிடும். வேகத்துக்கும் கமகத்துக்கும் நடுவுல ஒரு உயரம் இருக்கு, அதை அவங்கவங்க விரல்தான் கண்டுபிடிக்கணும்.

கிதார் வந்து நாலு மாசம் ஆச்சு. பொண்ணு படிக்கறா, வாசிக்கறா, இந்த வரிசையில இல்லைன்னாலும் ரெண்டும் நடக்குது. போன வாரம் ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும், "நீ ஒரு தடவை வாசிப்பா"ன்னு கிதாரை நீட்டினா. வேண்டாம்னேன். வேணும்னா. அந்தக் காலத்து ஓட்டம் ஒண்ணு ஞாபகம் இருந்தது. 160ல ஆரம்பிச்சேன், விரல் சிக்கிக்கிச்சு. 120, ம்ஹூம். மெட்ரோனோமை 80க்குக் கொண்டு வந்தா. 80ல வந்தது. மெதுவா, ஒவ்வொரு ஸ்வரமா, அழுக்கில்லாம வந்தது. ஹாஸ்டல்ல இதை இவ்வளவு மெதுவா வாசிச்சதே இல்லை. இதுக்குள்ள இப்படி ஒரு பாட்டு இருந்ததே எனக்குத் தெரியாது. என் கை வழக்கமா கைப்பிடி இருக்க வேண்டிய இடத்துல ஒரு தடவை காத்தைத் துழாவினது. பொண்ணு பார்த்துட்டா. சிரிக்கலை.

"வேலைக்குப் போனதும் உனக்கு அந்த வெள்ளைக் கிதார் வாங்கித் தரேன்"னா.

"ஒரே வருஷத்துல வாங்கிடறேன்னு மட்டும் சொல்லாதே"ன்னேன்.

நேத்து ராத்திரி இதை எழுத உட்கார்ந்தப்போ, ஹால்ல ஏதோ இழுபடற சத்தம். போய்ப் பார்த்தா பீரோ ஒரு சாண் நகர்ந்திருக்கு. போர்வை தரையில கிடக்குது. தங்கமணி வீணையைக் கிடத்தி வச்சுக்கிட்டு விரலால மெட்டுகளைத் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. மெழுகு பாளம் பாளமா வெடிச்சிருந்தது. மூணு மெட்டு கையோட வந்துடுச்சு, அதைத் தனியா ஒரு கிண்ணத்துல போட்டு வச்சிருந்தாங்க.

"உங்க இணையத்து நண்பர்கள்கிட்ட கேளுங்களேன், மேளம் கட்டறவங்க யாராவது தெரியுமான்னு"ன்னாங்க. முகத்தைப் பார்க்காமலே.

அதனால, மக்களே, இவ்வளவு நீளமா எழுதினது அதுக்குத்தான். சென்னையில, இல்லை பக்கத்துல எங்கேயாவது, வீணைக்கு மெழுகு மாத்தி மேளம் கட்டிக் கொடுக்கறவங்களைத் தெரிஞ்சா பின்னூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. தஞ்சாவூர் வரைக்கும் போகணும்னாலும் சரி. மூவாயிரத்துல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு.

வர்ட்டா?